சைக்காலஜி படித்தால் சோறு போடுமா? நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

என் அலமாரியில் ஒரு சான்றிதழ் கிடக்கிறது. ஓரத்தில் தங்க நிறக் கரை, மூலையில் சிவப்பு முத்திரை, நடுவில் என் பெயர், அதற்குக் கீழே "டிப்ளமோ இன் கிளினிக்கல் சைக்காலஜி". விலை 38,500 ரூபாய். முக்கூடலில் அம்மா பீடி சுற்றிக் கட்டிய சீட்டுப் பணம் அது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாடி ஹாலில் வகுப்பு நடந்தது, கடைசி நாளில் கறுப்பு அங்கி மாட்டி போட்டோ எடுத்தார்கள். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓர் அரசுத் திட்ட நேர்காணலுக்குப் போனேன். எதிரில் இருந்த அம்மா பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்.சி.ஐ. நம்பர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். அப்படி ஒரு நம்பர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எம்.எஸ்சி. முடித்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பிளஸ் டூ முடித்ததிலிருந்து அந்த நம்பர் என் கைக்கு வரப் பத்து வருடம் பிடித்தது. விவரம் தெரிந்து நடந்திருந்தால் ஏழில் முடிந்திருக்கும். போன அந்த மூன்று வருடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் படிப்பு உயர்ந்தது, சேவை மனப்பான்மை வேண்டும் என்பதையெல்லாம் கல்லூரி ஆண்டு விழாவில் சொல்வார்கள். இங்கே தாள், பணம், காலம் மூன்றையும் மட்டும் பார்ப்போம்.

1. முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: "மனசு டாக்டர்". என் சித்தி இன்றைக்கும் என்னை அப்படித்தான் பக்கத்து வீட்டில் அறிமுகப்படுத்துகிறாள். உள்ளே நான்கு தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. பி.எஸ்சி. சைக்காலஜியில் சேர்ந்து அந்தக் கதவுக்குப் போகவே முடியாது. மாத்திரை எழுதும் ஆசை இருந்தால் நீட் எழுதுங்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள, ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தாலோ சான்றிதழில் கையெழுத்திட்டாலோ ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பெயருக்குத் தனி வரையறை வைத்திருக்கிறது. ஆகவே அது வெறும் அடைமொழி கிடையாது.

மூன்றாவது, ஆலோசகர். அரசு விளம்பரத்தில் "ஆற்றுப்படுத்துநர்" என்று வரும். பள்ளி, குழந்தைகள் இல்லம், போதை மீட்பு மையம், மகளிர் சேவை மையம் எல்லாம் இந்தக் கதவுக்குள் அடங்கும். நான்காவது, கல்லூரி ஆசிரியர் வேலை.

நிறுவனங்களில் ஆள் சேர்ப்பு, பணியாளர் பயிற்சி என்று இன்னொரு பக்கமும் உண்டு. அதற்குச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ ரயிலேற வேண்டும் என்பதால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எந்தக் கதவு என்று பதினேழு வயதில் தெரியாது, பரவாயில்லை. எந்தக் கதவும் அடைபடாதபடி படிப்பது எப்படி என்பதுதான் அடுத்த இரண்டு படிகள்.

2. சேருமுன் பட்டத்தின் பெயரை எழுத்தெண்ணிப் படியுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. சைக்காலஜிக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் விண்ணப்பிக்கலாம், காமர்ஸ் பிள்ளைகளும் சேர்கிறார்கள். ஆனால் புள்ளியியல் உங்களை விடாது. கணக்குக்குப் பயந்து இங்கே ஓடி வந்தவர்கள் இரண்டாம் வருடத்தில் ஸ்டாண்டர்டு டீவியேஷனிடம் மாட்டிக்கொண்டதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

முதுகலையில்தான் பொறி இருக்கிறது. எம்.எஸ்சி. சைக்காலஜி, அப்ளைடு சைக்காலஜி, கவுன்சலிங் சைக்காலஜி என்று பட்டங்கள் பல பெயர்களில் வருகின்றன. படிக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும். அரசு வேலைக்குப் போனால் விளம்பரத்தில் "உளவியலில் முதுகலை" என்று மட்டும் இருக்கும். உங்கள் பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூட இருந்தால் "இணைத்தன்மை அரசாணை இருக்கா?" என்று கேட்பார்கள். நேர்காணல் அன்று அதைத் தேடி ஓட முடியாது. சேரும் முன்பே பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்: இந்தப் பட்டம் எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு இணை என்று அரசாணை உண்டா, எண் என்ன, தேதி என்ன? "அதெல்லாம் உண்டும்மா" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணும் தேதியும் சொன்னால்தான் பதில்.

சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், அண்ணாமலை, சேலம் பெரியார் ஆகிய இடங்களில் உளவியல் துறை உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அப்ளைடு சைக்காலஜி இருக்கிறது, அதற்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பொதுவாகக் குளிர்காலத்திலேயே வந்துவிடும், தேர்வு மார்ச் வாக்கில். நம் பிள்ளைகள் பலர் மே மாதம் டிகிரி ரிசல்ட் வந்த பிறகு தேடத் தொடங்குகிறார்கள். பஸ் அதற்குள் வள்ளியூரைத் தாண்டிவிடும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் கட்டிய பணம் போச்சு என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், செயலாக்கத்துக்கான சிறு பிடித்தம் போகக் கட்டணம் முழுதும் திரும்ப வரவேண்டும். தள்ளத் தள்ள 90, 80, 50 சதவீதமாக இறங்கி, கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். குரல் உயர்த்த வேண்டிய தேவை வராது.

செலவுக்கு இரண்டு வழிகள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும், பட்டப்படிப்பு முடியும் வரை. இரண்டாவதை நம் பக்கத்தில் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு, பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். தேசிய உதவித்தொகைத் தளத்தில் வருடாவருடம் விண்ணப்பிக்க வேண்டும். நான் முதல் வருடம் விட்டுவிட்டேன். காரணம் அசட்டுத்தனமானது: அம்மாவின் அட்டையில் இருந்த பெயரும் வங்கிப் புத்தகத்துப் பெயரும் ஒன்றாக இல்லை.

3. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம் என்று யாராவது சொன்னால்

நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சைக்காலஜி படித்தவர்கள் ஏராளம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யுஜிசி தடை போட்டுவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் துணைத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் உளவியலாளர்களும் வருவதுதான் காரணம். அந்தத் தேதிக்கு முன்பே சேர்ந்தவர்கள் சேர்க்கை ரசீது, சேர்ந்த தேதியுள்ள கடிதம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாராவது கேட்கும்போது அந்தத் தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஆறு மாத டிப்ளமோ, மூன்று நாள் "தெரபிஸ்ட்" பயிற்சி, ஹிப்னோ சான்றிதழ் வகைகளைப் பற்றி என் அலமாரியே பேசும். அறிவுக்காகப் போகிறீர்கள் என்றால் போங்கள். போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்குமா? எழுதித் தருவீர்களா?" எனக்குச் சொன்ன பதில், "இது இன்டர்நேஷனல் சர்ட்டிபிகேட்மா, ஆர்.சி.ஐ.க்கும் மேல." அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

4. முதுகலை படிக்கும்போதே மனிதர்களைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் இது எளிது. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளிகள் பல தலைமுறையாக இங்கேதான் நடக்கின்றன. பயிற்சிக்குக் கல்லூரித் துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை நகல், எத்தனை நாள் என்ற விவரம் வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் விண்ணப்பம் டீன் அலுவலகம் வழியாகப் போய் வர வாரக்கணக்கில் ஆகும். டிசம்பரில் பயிற்சி வேண்டுமென்றால் அக்டோபரிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழில் மொத்த மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், பதவி, முத்திரை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். "சிறப்பாகப் பயிற்சி பெற்றார்" என்ற ஒரு வரித் தாளை வைத்துக்கொண்டு ஒரு நுழைவு நேர்காணலில் நான் வழிந்தேன்.

முக்கியமாக, இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும். என்னோடு படித்த கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி பத்தாவது நாள், "எனக்கு ராத்திரி தூக்கம் வரல, நான் டீச்சிங் போறேன்" என்றாள். இன்றைக்கு நன்றாகப் பாடம் நடத்துகிறாள். அவளுக்கு அது முதுகலையிலேயே தெரிந்தது லாபம்.

5. கிளினிக்கல் கதவு: இங்கே நிதானமாகப் படியுங்கள்

நான் போன வழி எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. முதுகலைக்குப் பிறகு இரண்டு வருடம், முழு நேரம், மருத்துவமனையில் நோயாளிகளோடு. இடம் குறைவு, போட்டி அதிகம். நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை கிடைத்தது.

இந்த வழி இப்போது மூடுகிறது. எம்.ஃபில். பட்டத்தையே யுஜிசி நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் விலக்குக் கொடுத்து, 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அனுமதி நீட்டித்தது. ஏற்கெனவே முடித்தவர்களின் பட்டம் செல்லும். இனி வருகிறவர்களுக்கு ஆர்.சி.ஐ. புதுப் பாடத்திட்டங்கள் வைத்திருக்கிறது: நான்கு வருட பி.எஸ்சி. ஹானர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி, எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, முதுகலைக்கு மேல் சை.டி. என்ற உளவியல் முனைவர் பட்டம். எந்தப் படிப்பு முடித்தால் எந்த நிலையில் பதிவு கிடைக்கும் என்பதைச் சேரும் முன் ஆர்.சி.ஐ. தளத்தில் வாசித்துவிடுங்கள். அண்ணன் சொன்னான், சீனியர் அக்கா சொன்னாள் என்று போகாதீர்கள். அக்கா சேர்ந்த வருடத்து விதி வேறு, உங்கள் வருடத்து விதி வேறு.

இங்கே ஒரு பெரிய கண்ணி. "ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்று போர்டு இருக்கும். அந்தக் கல்லூரி நடத்தும் சிறப்புக் கல்வி பி.எட்.டுக்கு அங்கீகாரம் இருக்கும், கிளினிக்கல் சைக்காலஜிக்கு இருக்காது. அங்கீகாரம் படிப்புக்குத்தான் கொடுக்கப்படுகிறது, அதுவும் குறிப்பிட்ட வருடங்களுக்கு. ஆகவே ஆர்.சி.ஐ. தளத்தின் பட்டியலில் நிறுவனத்தின் பெயர், படிப்பின் பெயர், நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிடுங்கள்.

படிக்கும் இரண்டு வருடத்தில் வேறு வேலை பார்க்க முடியாது. வெளியூரில் அறை, சாப்பாடு, ஆய்வுச் செலவு எல்லாம் சேர்த்து எனக்குக் கட்டணம் போக மாதம் 11,000 ரூபாய் வரை ஆனது. அம்மா பி.எஃப்.இல் முன்பணம் எடுத்தாள். சேருமுன் இரண்டு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது யார் தருவார்கள் என்பதையாவது வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் விட்டவர்கள் படிப்பு வராமல் விட்டதில்லை, பணம் வராமல்தான் விட்டார்கள்.

முடித்ததும் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி உங்கள் விவரத்தைச் சரிபார்த்து அனுப்புவதில்தான் தாமதம் ஆகும், வாரம் ஒருமுறை போன் போட்டு நச்சரிக்க வெட்கப்படாதீர்கள். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் தொடர் பயிற்சிப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். நாலே முக்கால் வருடம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் எல்லாக் கருத்தரங்குக்கும் ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன்.

6. கோப்பு ஒன்று போடுங்கள், இன்றைக்கே

பத்தாவது மதிப்பெண் சான்று, பிளஸ் டூ, மாற்றுச் சான்றிதழ், பட்டப்படிப்பின் ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், புரவிஷனல் என்ற தற்காலிகப் பட்டச் சான்று, பட்டமளிப்புச் சான்று, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் மைக்ரேஷன் சான்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்று. கடைசி இரண்டும் இ-சேவையில் தலா 60 ரூபாய். பட்டமளிப்புச் சான்று வர ஒரு வருடம்கூட ஆகும், அதுவரை புரவிஷனலை வைத்து ஓட்டலாம்.

எல்லாவற்றையும்விட இனிஷியலைப் பாருங்கள். பத்தாவது சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக, பான் அட்டையில் வேறு மாதிரி. டெல்லியில் இருக்கும் ஆர்.சி.ஐ. அலுவலகத்துக்கு மூன்றும் மூன்று ஆள். பத்தாவது சான்றில் இருக்கிறபடி ஆதாரைத் திருத்திவிடுங்கள். இந்தச் சிறு விஷயத்தில் எனக்கு நான்கு மாதம் போனது.

குழந்தைகளோடு வேலை என்றால் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

7. நெல்லையில் வேலை எங்கே இருக்கிறது

மாவட்ட இணையதளத்தின் ஆட்சேர்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களையும் சேர்த்துத்தான். 2019இல் தென்காசி தனி மாவட்டமானதில் நமக்கு ஒரு லாபம், அங்கும் ஒரு தொகுப்புப் பணியிடங்கள் வந்தன.

மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டை முன்கூட்டியே கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஆகியவற்றுக்கான ஆட்களை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் எடுக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர் வேலைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 18,536 ரூபாய். சட்டத்தோடு முரண்பட்ட சிறாரை வைத்திருக்கும் பாளையங்கோட்டைக் கூர்நோக்கு இல்லம் போன்ற இடங்களுக்கு, வருகை தரும் நாளுக்கு இவ்வளவு என்ற மதிப்பூதியத்தில் ஆள் எடுப்பார்கள். சகி என்ற மகளிர் சேவை மையம், எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனைக்கான நம்பிக்கை மையங்கள், 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண், இவற்றுக்கும் ஆலோசகர்கள் தேவைப்படுகிறார்கள். விண்ணப்பத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் தருவார்கள். தபாலில் அனுப்பச் சொன்னால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கடைசித் தேதி மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைக்குத் தபால் பெட்டியில் போட்டால் போதாது.

எல்லா விளம்பரத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: தற்காலிகப் பணி, எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்பட மாட்டாது. பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம். "உள்ளே போயிட்டா பிறகு பாத்துக்கலாம்" என்று அண்ணாச்சிமார் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள்.

தனியார் பக்கம், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஆலோசகரை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி.  2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நீட் பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் விண்ணப்பக் கடிதத்தில் இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். எனக்கு முதல் பள்ளி வேலை வந்தது, சி.பி.எஸ்.இ. விதியைச் சுட்டிக்காட்டிய அப்படி ஒரு கடிதத்தால்தான். சேருமுன் வேலை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. வாரத்துக்கு 18 பீரியட் இங்கிலீஷ் எடுத்தேன், பஸ் டியூட்டி பார்த்தேன், மிச்ச நேரத்தில் ஆலோசகர்.

கல்லூரி வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), அல்லது பிஎச்.டி. நெட் பொதுவாக வருடத்தில் இரண்டு முறை நடக்கிறது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டே ஆய்வு செய்யலாம். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அதற்குக் காத்திருப்பதுதான் கஷ்டம்.

8. உண்மையான வருமானம்

என் கணக்கையே திறந்து வைக்கிறேன். எல்லாருக்கும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எம்.எஸ்சி. முடித்து முதல் பள்ளியில் 12,000. பிடித்தம் போகக் கையில் 11,200. அடுத்து ஒரு குழந்தைகள் இல்லத்தில் 15,000. எம்.ஃபில். இரண்டு வருடம் செலவு மட்டும். பதிவு எண் வந்த பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் 28,000. இப்போது வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை, மூன்று நாள் சொந்த அறை. நல்ல மாதத்தில் 55,000 தொடும், ஆடி மாதத்தில் 35,000.

என்னோடு பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் இருபத்திரண்டு வயதில் வாங்கியதை நான் இருபத்தெட்டில் வாங்கினேன். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "என்னட்டி, இன்னும் படிச்சு முடியலையா?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் மைனிமாருக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

பணம் கூடுதலாக வருவது மதிப்பீட்டு அறிக்கைகளில். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க ஐ.க்யூ. மதிப்பீடு வேண்டும். பாதிப்பு அதிகமுள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய். படிப்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தேர்வுச் சலுகை வாங்கவும் அறிக்கை கேட்பார்கள். பாளையங்கோட்டையில் நான் ஓர் அறிக்கைக்கு 1,800 வாங்குகிறேன். குழந்தையோடு இரண்டு மணி நேரம், எழுத மூன்று மணி நேரம். மாலின், பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனைப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எனக்கு முதல் மூன்றுக்கு 20,000 போனது. ஜெராக்ஸ் போட்ட சோதனைத் தாள்கள் நண்பர்களிடம் கிடைக்கும். அதில் எழுதிய அறிக்கையை ஒரு மருத்துவக் குழு கேள்வி கேட்டால் உங்கள் பெயர் அன்றோடு முடிந்தது.

9. சொந்தமாக அறை போடுவதற்கு முன்

பெருமாள்புரத்தில் நான் எடுத்த முதல் இடம் மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே. வாடகை 9,500. "மனநல ஆலோசனை மையம்" என்று பெரிய போர்டு வைத்தேன். முதல் மாதம் வந்தவர்கள் ஏழு பேர். எதிரே பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் யாராவது சொந்தக்காரர் இருப்பார் என்ற பயத்தில் யாரும் படியேறவில்லை. நான்காவது மாதம் உள்தெருவுக்கு மாறினேன், வாடகை 6,000. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நான். போர்டில் என் பெயரும் படிப்பும் பதிவு எண்ணும் மட்டும். "ஜெராக்ஸ் எடுக்க வந்தோம்" என்று சொல்லிக்கொள்ள வழி இருந்ததும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு அமர்வுக்கு 700 வாங்குகிறேன். நாளுக்கு நான்கு பேர், மாதம் பன்னிரண்டு நாள் என்று போட்டால் 33,600. காகிதத்தில் அழகாக இருக்கும். நான்கில் ஒருவர் வரமாட்டார். முன்பணமாக 200 ஜிபேயில் வாங்கத் தொடங்கிய பிறகு அது குறைந்தது. துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் வீடியோவில் தமிழில் பேச ஆள் தேடுகிறார்கள், அதற்கு 1,000. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தளங்கள் 2,000 ரூபாய் கேட்கும், கட்டிவிடாதீர்கள். வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. கவலை வேண்டாம். நமக்கு அதற்கு நாளாகும். மூத்த உளவியலாளர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறையாவது உங்கள் வேலையைப் பற்றி மேற்பார்வைக்குப் பேசுங்கள், அதற்கும் காசு ஒதுக்குங்கள். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்து ஆறு மாதம் நிறுத்தினேன். ஏழாவது மாதம் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

வருகிறவர்களில் பலர் மந்திரித்து, கயிறு கட்டி, கொடைக்கு நேர்ந்து முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். கயிற்றை அறுக்கச் சொல்லாதீர்கள். மாத்திரை தேவைப்படும் ஆளை மாத்திரம் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

10. கையெழுத்துப் போடும் முன்

பதிவு எண் வந்ததும் போன் வரத் தொடங்கும். "நாங்களே டெஸ்ட் எடுத்துட்டோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, தாளுக்கு 300." எனக்கு ஒரு வருடத்தில் மூன்று இடத்திலிருந்து வந்தது. அந்தத் தாளை வைத்து அரசு உதவித்தொகை போகிறது, நீதிமன்றத்திலும் காட்டுவார்கள். பார்க்காத குழந்தைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பள்ளி நிர்வாகம் "அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?" என்று கேட்கும். ரகசியம் காக்க வேண்டும் என்று மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் கதை வேறு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. "ஸ்கூல் பேரு கெட்டுப்போகும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டாலும் உங்கள் கடமை தீராது. நீங்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே, "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், இந்த ஒரு விஷயம் தவிர" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். நான் இந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன், என் பக்கம் பார்த்தபடி.